கட்டில் இல்லாத வீட்டுக்கு இரண்டு செங்கல்

என் ஆசைத் தம்பி பாலுவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் பதில் வரப்போவதில்லை, அதனால் கேட்கவில்லை. என் பக்கத்துச் செய்தியை மட்டும் எழுதுகிறேன்.

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. நான் வேளச்சேரியில் மகன் வீட்டில், எட்டாவது மாடியில் இருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் பறக்கும் ரயில் தெரிகிறது. மழை பெய்தால் கீழே கார் நிற்கிற இடமெல்லாம் குளம். "எட்டாவது மாடிக்கு எல்லாம் தண்ணி வராதும்மா" என்று மகன் தைரியம் சொல்கிறான். தண்ணீர் வராது, சரி. லிஃப்ட் நின்றுபோனால் நானும் கீழே போக முடியாது, அதை அவன் சொல்வதில்லை.

போன மாதம் எனக்கு ஒரு கட்டில் வாங்கிப் போட்டான். ரிமோட் வைத்த கட்டில். பொத்தானை அழுத்தினால் தலைப்பக்கம் உர்ரென்று எழுந்துகொள்கிறது. "உன் அசிடிட்டிக்கு இதுதான் நல்லதாம், நெட்ல போட்டிருக்கு" என்றான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இதை உங்க மாமா அம்பது வருஷம் முன்னாடி ரெண்டு செங்கல்லுல செஞ்சாருடா" என்றேன். "நீ சும்மா இரும்மா" என்று போய்விட்டான்.

அவனுக்குத் தெரியாது. உன் பெண்களுக்கும் தெரியாது. நீ சொல்லியிருக்கவும் மாட்டாய். ஆகவே நான் எழுதி, அச்சுக்கும் கொடுக்கப் போகிறேன். கோபித்துக்கொள்ளாதே. கோபித்துக்கொண்டாலும் இனி நீ என்ன செய்துவிட முடியும்?

எழுபதுகளின் தொடக்கம் அது. பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்று நோய்ப் பிரிவில் நீ சின்ன டாக்டர். நெஞ்செரிச்சல்தான் உன் பைத்தியம். ஊரே அதைச் சாதாரணமாக நினைத்தபோது நீ மட்டும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாய். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் ஏப்பம் விட்டால்கூட, படுத்தால் புளிப்பாக மேலே வருமா என்று கேட்பாய். உன் மனைவி இலைக்கு அடியில் உன் காலை மிதிப்பாள்.

எனக்கு நீ விளக்கிச் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது. "சாப்பாட்டுக் குழாய் வயித்துல சேர்ற இடத்துல ஒரு கதவு மாதிரி இருக்கு அக்கா. அது தளர்ந்துட்டா, படுத்த உடனே அமிலம் மேல ஏறி எரிக்கும். தலைப்பக்கத்தை மேடாக்கிட்டா எப்படி ஏறும்? அவ்வளவுதான் விஷயம்." அப்போது இருந்த வைத்தியம் சுண்ணாம்புக் கரைசல் போல ஒரு வெள்ளை மருந்து. அது கேட்காவிட்டால் கத்தி. இரண்டுக்கும் நடுவில் ஒன்று வேண்டும் என்றாய்.

அந்த ஒன்றுதான் செங்கல். கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் கீழே காலுக்கொரு கல். தலையணையை உயர்த்துவது போதாது, அது இடுப்பை மடித்து வயிற்றை அமுக்கும், முழு உடம்பும் சாய வேண்டும் என்பாய். நோயாளிகளில் பாதிப் பேருக்குக் கல், பாதிப் பேருக்குக் கல் இல்லை. எல்லாருக்கும் ஒரு ரோஸ் நிற அட்டை. கல் வைத்தேனா, எரிந்ததா, மருந்து குடித்தேனா, மூன்று கட்டங்கள். நந்தனத்தில் என் ஆபீஸில் ஸ்டென்சில் வெட்டி அந்த அட்டைகளை சைக்ளோஸ்டைல் மிஷினில் உருட்டிக் கொடுத்தவள் நான்தான்.

அடையாறில் உன் வீட்டுக்குப் பக்கத்தில் யாரோ வீடு கட்டினார்கள். அங்கேயிருந்து செங்கல்லைக் கேட்டு வாங்கி, ஆஸ்பத்திரி அறையின் மூலையில் அடுக்கிவைத்தாய். நீயே ஒவ்வொரு ஜோடியையும் பழைய பேப்பரில் சுற்றி, நூல் கட்டி நோயாளி கையில் கொடுப்பாய். அவர்கள் அதை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவார்கள். "இன்னா சார், வூடு கட்றியா?" என்று கண்டக்டர் கேட்டதாக ஒருவர் வந்து சொன்னதும் நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

என்னையும் சேர்த்துக்கொண்டாயே, மறந்துவிட்டாயா? "ஒரு ஆள் குறையுது அக்கா. உனக்குத்தான் ரெண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் எரியுதே. நீயும் சேர்ந்துக்கோ." நானும் தி.நகருக்கு இரண்டு செங்கல் சுமந்துகொண்டு போனேன்.

நீ ஆரம்பித்தது பங்குனிக் கடைசி. ஆனிக்குள் முடிக்க வேண்டும் என்று உன் பெரிய டாக்டர் சொல்லியிருந்தார். கட்டுரை நன்றாக அமைந்தால் வெளிநாட்டுப் பயிற்சிக்கு உன் பெயரை எழுதுவதாகவும் சொல்லியிருந்தார். நீ அதை வீட்டில் யாரிடமும் சொல்லாமல் என்னிடம் மட்டும் சொன்னாய். சொன்னபோது உன் காது சிவந்தது.

பங்குனியிலிருந்து ஆனி வரை. நீயும் இந்த ஊரில்தான் வளர்ந்தாய், நானும் இந்த ஊரில்தான் வளர்ந்தேன். கத்திரி வெயிலில் சென்னையில் அன்றைக்கு எவன் வீட்டுக்குள் படுத்தான்? சாயங்காலம் மொட்டை மாடியில் இரண்டு வாளி தண்ணீர் தெளித்து, சூடு அடங்கினதும் பாயைத் தூக்கிக்கொண்டு குடும்பம் முழுக்க மேலே போய்விடுவோம். எங்கள் கட்டிலில் அந்த மூன்று மாதமும் துவைத்த துணிதான் படுத்திருந்தது. தலைமாட்டில் செங்கல்லோடு, ஜம்மென்று.

செவ்வாய்க்கிழமை உனக்கு அட்டை தர வேண்டும். திங்கட்கிழமை காலையில் காப்பி குடித்துக்கொண்டே ஏழு நாளுக்கும் ஒரே மூச்சில் டிக் போடுவேன். கல் வைத்தேன், டிக். கல் வைத்தேன், டிக். எரிந்ததா என்ற கட்டத்தை மட்டும் ஒழுங்காக யோசித்து நிரப்புவேன். அதில் பொய் சொல்லக் கூடாது இல்லையா, உன் ஆராய்ச்சி! எனக்கே இப்போது தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். "கல்லு வெச்சியா அக்கா?" என்று நீ கேட்கிறபோது உன் முகம் அப்படி இருந்தது. இல்லை என்றால் அது சுருங்கிப்போகும். அதைப் பார்க்க எனக்கு மனசில்லை, அவ்வளவுதான். நான் ஒருத்தி ஏமாற்றினால் என்ன, மற்றவர்கள் எல்லாம் ஒழுங்காகச் செய்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கட்டுரையை டைப் அடித்ததும் நான்தான். ஆபீஸ் முடிந்து இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து அடித்தேன். கல் வைத்தவர்களுக்கும் வைக்காதவர்களுக்கும் எரிச்சல் ஒரே மாதிரிதான் இருந்தது, தலைப்பக்கத்தை உயர்த்துவதால் பயனில்லை என்று முடித்திருந்தாய். நீ நம்பியதற்கு நேர்மாறாக வந்திருந்தும், வந்ததை வந்தபடியே எழுதியிருந்தாய். அந்த வரியில் என் விரல் நின்றது. பிறகு அடித்து முடித்தேன்.

யூசுப் பாய் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் அது அப்படியே போயிருக்கும். கச்சேரி ரோட்டில் தையல் கடை வைத்திருந்தாரே, என் ரவிக்கைகளைத் தைப்பவர், நான்தான் உன்னிடம் அனுப்பிவைத்தேன். நாளெல்லாம் மிஷினில் குனிந்தே இருக்கிறவர், சாப்பிட்டது அத்தனையும் நெருப்பாக மேலே வரும். ஒரு சனிக்கிழமை மத்தியானம் ரவிக்கை வாங்கப் போனால் மனிதர் பாதியாக இருந்தார்.

"என்ன பாய், முகம் இப்படி வாடியிருக்கு?"

"வர்ற வியாழன் அட்மிட் ஆவணும்மா. வயித்தக் கீறி உள்ள இன்னாவோ சுத்தித் தெக்கிறாங்களாம். நான் ஊருக்கே தெக்கிறேன், ஒந்தம்பி என்னியத் தெக்கப் போறாரு."

"ஆபரேஷனா? கல்லு வெச்சும் கேட்கலையா?"

அவர் மிஷினை நிறுத்திவிட்டு வெளியே எட்டிப் பார்த்தார். "ஒங்கிட்ட சொல்றேன், டாக்டராண்ட சொல்லிடாத. எங்க வூட்ல ஏதுமா கட்டிலு? ஒரே ரூமு, ஏழு பேரு. அல்லாரும் பாயிலதான்."

"அப்போ அந்தக் கல்லு?"

"தண்ணி டிரம்முக்குக் கீய கீது. நல்ல கல்லு."

"அட்டையில தினம் டிக் போட்டிருக்கீங்களே பாய்!"

"இன்னா பண்ண சொல்ற? அவ்ளோ படிச்ச மனுசன், தன் கையால கல்லக் காயிதத்துல சுத்திக் குடுத்தாரு. 'வெச்சிக்கினியா பாய்?'னு ஆசையாக் கேக்கறாரு. கட்டிலே இல்ல சார்னு எப்டிமா சொல்றது? அவரும் சங்கடப்படுவாரு, எனக்கும் வெக்கமாக் கீது."

"அதுக்காக வயித்தைக் கிழிச்சுப்பீங்களா?"

"மூணு மாசம் பொய்யி சொல்லிக்கினு இருந்துட்டு, இப்போ போயி இல்லேன்னா அவுரு மூஞ்சில எப்டி முய்க்கிறது? போவட்டும் வுடு. அல்லா இருக்கான்."

எனக்கு வந்த கோபத்தில் அவரைப் பார்த்துக் கத்தியிருப்பேன். கத்த வாயைத் திறந்தவளுக்கு என் ரோஸ் அட்டை ஞாபகம் வந்துவிட்டது. இவருக்காவது வீட்டில் கட்டில் இல்லை. எனக்கு என்ன கேடு? கட்டில் வைத்துக்கொண்டு பொய் சொன்னவள் நான். வெட்கமாக இருந்தது பாலு. ரவிக்கையை வாங்காமலேயே திரும்பிவிட்டேன்.

மறுநாள் ஞாயிறு காலை பஸ் பிடித்து அடையாறு வந்தேன். நீ இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். மேஜைமேல் பழுப்புக் கவர், ஒட்டித் தயாராக இருந்தது.

"நாளைக்குப் பெரியவர்கிட்ட குடுக்கணும் அக்கா" என்றாய்.

"பிரி அதை."

"ஏன், டைப்பிங்ல ஏதாவது தப்பு விட்டுட்டியா?"

"நான் ஒரு நாள்கூடக் கல்லு வெச்சுப் படுக்கலடா."

உன் கையிலிருந்த இட்லித் துண்டு தட்டில் விழுந்தது. "ஒரு நாள்கூடவா?"

"ஒரு நாள்கூட இல்ல. மாடியிலதான் படுத்தோம். யூசுப் பாய் வீட்டுல கட்டிலே கிடையாது. வியாழக்கிழமை அவரைக் கீறிடாத."

நீ திட்டுவாய் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு கேட்டிருப்பேன், ஆறியிருக்கும். நீ ஒன்றே ஒன்று கேட்டாய். "எரிச்சல்னு போட்ட டிக்?"

"அது நெஜம்."

கை கழுவிவிட்டு மாடிப்படி ஏறினாய். நானும் பின்னாலேயே வந்தேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உங்கள் வீட்டுப் பாய்கள் நான்கு சுருட்டிக் கிடந்தன. சிவப்புக் கரை போட்டது உன்னுடையது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாய்.

"நானும் மூணு மாசமா இங்கதானே அக்கா படுத்தேன்" என்றாய். "ஒரு தடவைகூடத் தோணலையே." கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டாய். உன்னைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போல இருந்தது எனக்கு. நம் வீட்டில் அந்தப் பழக்கம் ஏது? "இட்லி ஆறுது, வா" என்றேன்.

அடுத்த நாளே ஆபரேஷனை நிறுத்தினாய். ஒரு வாரம் லீவு போட்டு, கல் கொடுத்த ஒவ்வொருவர் வீட்டுக்கும் போனாய். மூன்று நான்கு வீட்டுக்கு நானும் வந்தேன். கட்டில் இருந்தவர்கள் மாடியில் படுத்திருந்தார்கள், இல்லாதவர்கள் தரையில். கல் மட்டும் எல்லா வீட்டிலும் பத்திரமாக இருந்தது, அடுப்படியில், கதவு சாத்தாமலிருக்க முட்டுக்கொடுத்து, துவைக்கிற இடத்தில்.

மயிலாப்பூரில் அந்த ரிட்டயர்ட் குமாஸ்தா ஞாபகம் இருக்கிறதா? அவர் ஒருவர்தான் சொன்னபடி கட்டிலுக்குக் கல் வைத்து, அதில் படுத்தும் இருந்தார். ஆனால் அவர் கல் வைத்த பக்கம் வடக்கு. மறுபக்கம் வைத்தால் பீரோ கதவு திறக்காதாம். வடக்கே தலை வைக்கலாமா? காலை வைத்துப் படுத்துவிட்டார். மூன்று மாதம் கால் மேலே, தலை கீழே! "நீங்க சொன்னபடியே செஞ்சேன் டாக்டர், எரிச்சல்தான் ஜாஸ்தியாயிடுத்து" என்று அவர் உன்னிடமே புகார் சொன்னார். வெளியே வந்ததும் நாம் இருவரும் தெருவிலேயே நின்று சிரித்தோம். சிரித்து முடித்ததும் நீ கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாய்.

பெரிய டாக்டரிடம் போய், கட்டில் இருக்கிறதா என்று நான் கேட்கவே இல்லை சார், இந்தக் கட்டுரையைத் தர மாட்டேன் என்று சொன்னாயாம். அவரும் சிரித்தாராம். அந்தச் சிரிப்பு ஆஸ்பத்திரி முழுக்கப் பரவி, உனக்கு மொட்டை மாடி டாக்டர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பயிற்சிக்கு வேறொருவர் போனார். இதில் ஒன்றைக்கூட நீ என்னிடம் சொல்லவில்லை, உன் மனைவி சொல்லித்தான் தெரியும்.

நீ உன் வீட்டுப் பின்பக்கக் கொட்டகையின் கதவைக் கழற்றி, ரிக்‌ஷாவில் ஏற்றி, ராயப்பேட்டையில் யூசுப் பாய் வீட்டுக்குக் கொண்டுபோனாய். தரையில் கதவு, அதன் ஒரு முனைக்குக் கீழே உன் இரண்டு கல், மேலே பாய். முதல் நாள் யூசுப் பாய் சறுக்குமரத்தில் வந்தது போலக் கீழே வந்து சேர்ந்துவிட்டாராம். கால் முட்டுகிற இடத்தில் ஒரு சட்டத்தை அடித்தாய், நின்றது. ஒரு மாதம் கழித்து என் ரவிக்கையைக் கொடுக்கும்போது, "இப்போ நெருப்பு இல்லம்மா, இன்னா ஒண்ணு, டிரம்முக்குத்தான் கல்லு இல்ல" என்றார். கத்தி படாமலே ரொம்ப வருஷம் தைத்துக்கொண்டிருந்தார்.

மழைக்காலத்தில் நீ மறுபடியும் தொடங்கினாய், இந்தத் தடவை பலகையோடு, வீடு வீடாகப் போய்ப் பார்த்து. நிறையப் பேருக்கு எரிச்சல் குறைந்தது என்று சந்தோஷமாகச் சொன்னாய். எழுதி முடிக்க உனக்கு நேரம் அமையவில்லை. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அமிலத்தையே குறைக்கிற மாத்திரை வந்துவிட்டது. அதற்குப் பிறகு செங்கல் யாருக்கு வேண்டும்? நோட்டுப் புத்தகத்தைப் பரணில் போட்டாய்.

என்மேல் உனக்கு வருத்தம் உண்டா என்று நான் கேட்டதே இல்லை. நீயும் காட்டியதே இல்லை. ஒன்று மட்டும் வைத்துக்கொண்டாய். எப்போது போன் செய்தாலும் "எப்படி இருக்க அக்கா?" என்பாய். "நல்லா இருக்கேன்" என்பேன். "டிக்கா, நெஜமா?" என்பாய். என் வீட்டுக்காரர் போன பிறகு ஒரு நாள் நீ அப்படிக் கேட்டபோதுதான் நான் வாய்விட்டு அழுதேன். வேறு யாரிடமும் எனக்கு அது வந்ததில்லை.

உன் கடைசி வாரம், அடையாறு ஆஸ்பத்திரியில், தலைப்பக்கம் உயர்த்திய கட்டிலில் கிடந்தாய். தினமும் காலையில் வந்து "தூங்கினியாடா?" என்று கேட்பேன். "நல்லாத் தூங்கினேன்" என்பாய். வெளியே நர்ஸ் பெண் என்னை நிறுத்தி, "ஐயா கண்ணே மூடலைம்மா, வலி தாங்க முடியல" என்றாள். நான் திரும்ப உள்ளே வந்து உன்னைக் கேட்டேன். "டிக்கா, நெஜமா?" நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "டிக்" என்றாய். அதுதான் நீ என்னிடம் கடைசியாகப் பேசிய வார்த்தை.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். போன வாரம் மகன் என்னை ஒரு வயிற்று டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனான். சின்னப் பெண். நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, "சாப்பாடு நெஞ்சுல நிக்குதாம்மா? முழுங்கக் கஷ்டமா இருக்கா?" என்று கேட்டாள். மகன் வேறு, புதுக் கட்டிலைப் பற்றிப் பெருமையாக அப்போதுதான் சொல்லி முடித்திருந்தான். "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, நல்லா இருக்கேன்" என்றேன். அவள் எழுதிக்கொண்டாள்.

இரண்டு மாதமாக நிற்கிறது பாலு. முதலில் சப்பாத்தி நின்றது, இப்போது குழைந்த சோறே நிற்கிறது. தண்ணீரைக் குடித்துக் குடித்து இறக்குகிறேன். உன்னிடம் வந்திருந்தால் என் கழுத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பாய். பயமாக இருக்கிறது. இதை எழுதுவதற்குக்கூட எனக்கு உன் பெயரை மேலே போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை மறுபடி அந்தப் பெண்ணிடம் போகிறேன். மகனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, போன தடவை சொன்னது பொய் என்று சொல்வேன். குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்றால் பார்க்கட்டும். என்ன வருகிறதோ வரட்டும். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இந்தக் கடிதத்தின் முதல் வரியில், நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதியிருக்கிறேன். அது டிக்.

இப்படிக்கு,
இந்தத் தடவை நீ கேட்காமலே நிஜம் சொல்லும்
உன் அக்கா லோகா